மின்தடைக்குச் சிறிய ஜெனரேட்டரை நம்பலாமா? இடம், இணைப்பு, எரிபொருள் குறித்து முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவை

புதுடெல்லி: கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் வாகனம் ஒன்றினுள் 2024 டிசம்பரில் இருவர் இறந்து கிடந்தனர். கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் அந்த வாகனத்தைச் சோதித்தபோது காரணம் தெரியவந்தது. குளிர்சாதனத்துக்காக இயக்கப்பட்ட ஜெனரேட்டரிலிருந்து வெளியேறிய கார்பன் மோனாக்சைடு வாயு, வாகனத்தின் அடித்தளம் வழியாக உள்ளே புகுந்து இருவரின் உயிரையும் பறித்திருந்தது.

அதே வகையான சிறிய ஜெனரேட்டர்கள் மின்தடைக் காலங்களில் நாடெங்கும் வீடுகளில் இயங்குகின்றன. இரண்டு பேர் தூக்கிச் செல்லக்கூடிய அளவு, கயிற்றை இழுத்தால் ஓடும் எளிமை, உடனே எரியும் விளக்கு ஆகியவற்றால் பலர் இதனை ஒரு வீட்டு உபயோகப் பொருளாகவே கருதுகின்றனர். ஆனால், மோட்டார் சைக்கிளில் இருப்பதைப் போன்ற ஒரு பெட்ரோல் எஞ்சினும், வீட்டின் மின் இணைப்புக்கு நிகரான 230 வோல்ட் மின்சாரமும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கும் இயந்திரம் இது. எங்கே வைப்பது, எப்படி இணைப்பது, எவ்வளவு நேரம் ஓட்டுவது என்ற மூன்றையும் மின்சாரம் இருக்கும் நாளிலேயே தீர்மானித்த குடும்பத்துக்கே இது துணையாக அமையும்.

தேவை எங்கிருந்து எழுகிறது?

2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்திய மின்தொகுப்பு அடுத்தடுத்துச் செயலிழந்தது. இரண்டாம் நாளில் கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகளும் சேர்ந்து விழ, சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரம் இழந்தன. அந்தத் தடை மணிக்கணக்கில் தீர்ந்தது. புயல்கள் ஏற்படுத்தும் தடை அவ்வாறு தீர்வதில்லை. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. 2019 மே 3 அன்று புரி அருகே கரையைக் கடந்த ஃபானி புயலுக்குப் பின்னர் ஒடிசா கடலோர ஊர்கள் பல வாரக்கணக்கில் இருளில் இருந்தன. 2020 மே மாத ஆம்பன் புயல் கொல்கத்தா பெருநகரையே பல நாட்கள் தவிக்கவிட்டது.

உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களின் சிற்றூர்களிலும் சந்தைகளிலும் மின்தடை நீண்டகாலம் அன்றாட நிகழ்வாக இருந்தது. அங்கே தனியார் ஒருவர் பெரிய டீசல் ஜெனரேட்டரை நிறுவி, கடைகளுக்கும் வீடுகளுக்கும் விளக்குக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் பெற்று இணைப்பு கொடுப்பது வழக்கம். பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய ஜெனரேட்டர்கள் 1980-களின் பிற்பகுதியிலிருந்து கடைவாசல்களில் பரவலாயின. வழக்கமான மின்தடை பல இடங்களில் குறைந்துவிட்டபோதிலும், புயல், வெள்ளம், மின்மாற்றிப் பழுது போன்ற நீண்ட தடைகளுக்கான அச்சமே இன்று குடும்பங்களை ஜெனரேட்டர் வாங்கத் தூண்டுகிறது.

முதல் தீர்மானம்: எங்கே வைப்பது?

பெட்ரோல் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறமோ மணமோ இல்லை. கண்ணை உறுத்துவதும் இல்லை. மூச்சுடன் உள்ளே சென்றால், ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. இதனால், நுரையீரல் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜனின்றித் தவிக்கின்றன. காற்றின் எடைக்கு ஏறத்தாழ நிகரான வாயு என்பதால் இது தரையில் தங்குவதுமில்லை, கூரைக்கு ஏறி வெளியேறுவதுமில்லை. அறை முழுவதும் சீராகக் கலக்கிறது.

எனவே வீட்டுக்குள், மாடிப்படிக்கு அடியில், கார் நிறுத்தும் கொட்டகையில், கிரில் அடைத்த வராந்தாவில், அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் ஜெனரேட்டரை இயக்கவே கூடாது. ஜன்னல்களைத் திறந்துவைத்தாலும், மின்விசிறியை ஓடவிட்டாலும் அந்த இடம் பாதுகாப்பானதாக மாறிவிடாது. ஜெனரேட்டர் நச்சு மரணங்களை நீண்டகாலமாகக் கண்காணித்துவரும் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தொலைவில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையை நோக்கியிருக்கும்படி இயந்திரத்தை வைக்குமாறு அறிவுறுத்துகிறது.

நெருக்கமாக வீடுகள் அமைந்துள்ள இந்தியத் தெருக்களில் 20 அடி என்பது பெரும்பாலும் அடுத்த வீட்டின் ஜன்னலில் போய் முடியும். தன் வீட்டைக் காக்க நகர்த்திய இயந்திரம் அண்டைவீட்டாரின் படுக்கையறைக்குப் புகையைச் செலுத்தக் கூடாது. மொட்டைமாடியோ, திறந்த முற்றமோ, காலி மனையோ இல்லாத வீட்டுக்குப் பெட்ரோல் ஜெனரேட்டர் ஏற்றதல்ல. இதனை வாங்குவதற்கு முன்பே ஒப்புக்கொள்வது நல்லது.

மற்றோர் இடர் மழை. புயல் நாளில்தான் ஜெனரேட்டர் தேவைப்படுகிறது. அதே நாளில்தான் அது நனைகிறது. நனைந்த இயந்திரம் மின்னதிர்ச்சி தரும் என்பதால் மக்கள் அதனை உள்ளே இழுத்துவிடுகின்றனர். விபத்து நேர்வதும் அப்போதுதான். நான்கு பக்கமும் திறந்து மேலே மட்டும் தகரம் வேய்ந்த சிறு கூரையை, தண்ணீர் தேங்காத மேட்டில், மழைக்காலத்துக்கு முன்பே அமைத்துவிட்டால் இந்தத் தவறான தேர்வுக்கு இடமிருக்காது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தளர்ச்சி ஆகியவை நச்சு பாதிப்பின் தொடக்க அறிகுறிகள். வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் இவை தோன்றினால், காய்ச்சல் என்றோ களைப்பு என்றோ எண்ணிப் படுத்துவிடக் கூடாது. அனைவரும் உடனே வெளியே வந்து, 108 அல்லது 112 என்ற எண்ணில் உதவி கோர வேண்டும். உறங்குபவர்கள் இந்த அறிகுறிகளை உணர்வதே இல்லை என்பதால், குடும்பத்தினர் உறங்கும் வேளையில் கவனிப்பாரின்றி ஜெனரேட்டரை ஓடவிடக் கூடாது. புகையைக் கண்டறியும் கருவி இந்த வாயுவை உணராது. கார்பன் மோனாக்சைடுக்கென்று தனியாக உள்ள, பேட்டரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறை அருகே பொருத்த வேண்டும்.

இரண்டாம் தீர்மானம்: எப்படி இணைப்பது?

இரு முனைகளிலும் பிளக் பொருத்திய ஒரு ஒயரைத் தயாரித்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டிலும் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் உள்ளது. அந்த ஒயரின் ஒரு முனை கழன்றாலே, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைப் பின்களில் 230 வோல்ட் மின்சாரம் இருக்கும். கை வைத்தவர் உயிர் தப்புவது அரிது.

வீட்டுக்கு வெளியே காத்திருக்கும் ஆபத்து இன்னும் பெரியது. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், ஜெனரேட்டரின் மின்சாரம் மீட்டர் வழியாகத் தெரு மின்கம்பிக்குப் பாய்கிறது. தெருமுனையிலுள்ள மின்மாற்றி, 11,000 வோல்ட்டைக் குறைத்து வீடுகளுக்கு வழங்கும் கருவி. தாழ்வழுத்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் நுழைந்தால் அதே மின்மாற்றி அதனை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி, உயரழுத்தக் கம்பிக்கு அனுப்பும். மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறி, அறுந்த கம்பியைச் சீரமைக்கும் மின்வாரிய ஊழியரின் கையில் அந்த மின்சாரம் பாயும். சாய்ந்து கிடக்கும் கம்பியை மிதிக்கும் வழிப்போக்கரும் கால்நடையும் இதே இடருக்கு ஆளாகலாம்.

மின்வாரியத்தின் மின்சாரம் திடீரெனத் திரும்பும்போதும் பாதிப்பு உண்டு. இரு மின்னோட்டங்களும் ஒன்றோடொன்று மோத, ஜெனரேட்டரின் சுருள் கருகும், தீப்பற்றவும் கூடும்.

இவை அனைத்தையும் தடுப்பது சேஞ்ச்ஓவர் சுவிட்ச் என்ற எளிய கருவி. கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் மின்வாரிய இணைப்பு, மறுபக்கம் இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் இருந்தால் இரண்டும் துண்டிப்பு என்பதே அதன் அமைப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் இணைவதற்கு அதன் இயங்குமுறையே இடம் தராது. ஒருமுனை இணைப்புள்ள வீட்டில் பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டையும் சேர்த்தே மாற்றும் வகையைப் பொருத்த வேண்டும். பேஸ் கம்பியை மட்டும் மாற்றுவது அரைகுறைப் பாதுகாப்பு. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இதனை நிறுவி, இயந்திரத்தின் உலோக உடலுக்கு எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி கருவியும் இருப்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்த இயலாத வாடகை வீடுகளில், வீட்டு ஒயரிங்கைத் தொடாமல், தரமான எக்ஸ்டென்ஷன் ஒயர் மூலம் குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி போன்றவற்றை நேரடியாக ஜெனரேட்டரில் இணைப்பதே சரி. மெல்லிய ஒயர் சூடேறி உருகும் என்பதால், நீண்ட தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைப் பயன்படுத்தலாம்.

எவ்வளவு திறன் போதும்?

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் அவசரத் தேவையைக் கணக்கிட்டால், 9 வாட் எல்இடி விளக்குகள் நான்குக்கு 36 வாட், மின்விசிறிகள் இரண்டுக்கு 150 வாட், குளிர்சாதனப் பெட்டிக்கு 200 வாட், தொலைக்காட்சிக்கு 100 வாட், கைப்பேசி சார்ஜர், இணைய ரௌட்டர் ஆகியவற்றுக்கு 30 வாட் என மொத்தம் 516 வாட் வருகிறது. ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் தொடங்கும் கணத்தில் இயல்பைப் போல் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்தக் கணத்தைத் தாங்கும் வகையில் 2 கேவிஏ திறன் இத்தகைய வீட்டுக்குப் பொருந்தும்.

இங்கே கவனிக்க வேண்டியது, கேவிஏ என்பதும் கிலோவாட் என்பதும் ஒன்றல்ல. 0.8 திறன் காரணியில் 2 கேவிஏ ஜெனரேட்டர் தருவது 1.6 கிலோவாட் மட்டுமே. ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஓடும்போது சுமார் 1 கிலோவாட் எடுத்துக்கொண்டாலும், தொடங்கும்போது அதைப் போல் பல மடங்கு கேட்கும். ஒன்றரை டன் குளிர்சாதனக் கருவி, கெய்சர், மின் அடுப்பு ஆகியவை சிறிய ஜெனரேட்டரின் வரம்புக்கு அப்பாற்பட்டவை. தண்ணீர் மோட்டாரே முதன்மைத் தேவை என்றால், அதன் தொடக்க மின்னோட்டத்தைக் கணக்கில் கொண்டு பெரிய இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மலை நகரங்களில் காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினின் திறன் குறைகிறது. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3.5 சதவீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லா, உதகமண்டலம் போன்ற ஊர்களில் கால் பங்கு திறன் இழப்பை எதிர்பார்க்கலாம்.

மூன்றாம் தீர்மானம்: எத்தனை மணி நேரம் ஓட்டுவது?

மேற்கண்ட சுமைக்கு 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் எரிபொருளைச் செலவழிக்கும் எனக் கொள்ளலாம். நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓட்டினால் 5 முதல் 6 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில், ஒரு நாள் செலவு 500 முதல் 600 ரூபாய். மின்வாரியத்தின் ஒரு யூனிட் விலையுடன் ஒப்பிட்டால் இது பன்மடங்கு அதிகம்.

சேமிப்பிலும் எல்லை உண்டு. 1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தின்படி, விற்பனை நோக்கமின்றி உரிமம் இல்லாமல் ஒருவர் வைத்திருக்கக்கூடிய பெட்ரோலின் மொத்த அளவு 30 லிட்டர். கண்ணாடிப் பாத்திரமாயின் ஒன்றில் 1 லிட்டருக்கும், உலோகக் கலனாயின் ஒன்றில் 25 லிட்டருக்கும் மிகாமல், இறுக மூடி வைக்க வேண்டும். ஆகவே, சட்டம் அனுமதிக்கும் முழு அளவையும் சேமித்தாலும் நாளுக்கு 10 மணி நேரம் என்ற கணக்கில் ஐந்து அல்லது ஆறு நாட்களுக்குமேல் தாங்காது. புயலுக்குப் பின்னர் பெட்ரோல் நிலையங்களுக்கும் மின்சாரம் இராது. இருக்கும் நிலையங்களில் வரிசை நீளும். இரண்டு வாரத் தடையைச் சிறிய ஜெனரேட்டர் ஒன்றாலேயே கடந்துவிடலாம் என்ற எண்ணம் இந்தக் கணக்கில் தோற்கிறது.

எரிபொருளை நீட்டிக்கும் வழி, இயந்திரத்தை விட்டுவிட்டு ஓட்டுவது. திறக்காமல் வைத்திருக்கும் குளிர்சாதனப் பெட்டி சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என ஓட்டி, அந்த நேரத்திலேயே கைப்பேசி, இன்வெர்ட்டர் பேட்டரி, டார்ச் ஆகியவற்றுக்கு மின்னேற்றிக்கொண்டால் செலவு பாதிக்கும் கீழே குறையும்.

பெட்ரோல் ஊற்றும் முறையிலும் கவனம் தேவை. எஞ்சினை நிறுத்தி, குறைந்தது 15 நிமிடம் ஆறவிட்ட பின்னரே ஊற்ற வேண்டும். சூடான புகைக்குழாயின் மேல் சிந்தும் சில துளிகளே தீவிபத்துக்குப் போதும். பெட்ரோல் கலனைச் சமையலறையிலோ பூஜையறை விளக்கின் அருகிலோ வைக்கக் கூடாது. தற்போது விற்பனையாகும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. மாதக்கணக்கில் டாங்கில் தேங்கினால் கார்புரேட்டரை அடைக்கும். நெடுநாள் பயன்படுத்தாதபோது டாங்கைக் காலியாக்கி வைப்பதே சிறந்தது.

விதிகள் சொல்வது என்ன?

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஜெனரேட்டர்களின் ஒலித்திறன் 86 டெசிபலுக்கு மிகக் கூடாது என்பது தயாரிப்பாளர்களுக்கான நிபந்தனை. ஜெனரேட்டர் எஞ்சின்களுக்கான கடுமையான புகை வரம்புகள் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. டெல்லி தலைநகர் வலயத்தில் காற்றின் தரம் மோசமடையும் நாட்களில் ஜெனரேட்டர் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்படுகின்றன.

இந்த வரம்புகளுக்கு உட்பட்ட இயந்திரம் என்பதால் அது அறைக்குள் பாதுகாப்பானது என்று பொருளல்ல. திறந்தவெளிக் காற்றைக் காக்கும் நோக்கில் வகுக்கப்பட்ட அளவுகள் அவை. மூடிய இடத்தில் சிறிதளவு புகையும் விரைவில் உயிர்கொல்லும் அடர்த்தியை எட்டிவிடும்.

இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா?

12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியுடன் கூடிய இன்வெர்ட்டர், நான்கு விளக்குகளையும் இரண்டு மின்விசிறிகளையும் ஏறத்தாழ 5 முதல் 6 மணி நேரம் இயக்கும். புகையோ இரைச்சலோ இல்லை, இரவிலும் இயங்கலாம். அன்றாடத் தடைக்கு இதுவே போதுமானது. தடை ஒரு நாளைக் கடக்கும்போதுதான் ஜெனரேட்டருக்கு வேலை வருகிறது. பகலில் சில மணி நேரம் ஜெனரேட்டர், இரவில் இன்வெர்ட்டர் என்று பிரித்துக்கொண்டால், உறங்கும் நேரத்தில் எஞ்சின் ஓட வேண்டிய தேவையே எழாது.

கூரையில் சூரிய மின்தகடு வைத்திருப்போர் ஓர் உண்மையை அறிந்திருக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் மின்வாரியத் தொகுப்புடன் இணைக்கப்பட்ட சூரிய மின் அமைப்பு, மின்தடையின்போது பாதுகாப்புக்காகத் தானாகவே நின்றுவிடும். அந்த அமைப்புள்ள வீட்டில் ஜெனரேட்டரை இணைப்பதற்கு முன்னர், அதனை நிறுவியவர்களிடம் கலந்தாலோசிப்பது அவசியம்.

ஆக்சிஜன் செறிவூட்டி போன்ற உயிர்காக்கும் கருவிகளைப் பயன்படுத்தும் நோயாளிகள் உள்ள வீடுகளில் ஜெனரேட்டரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. மழையில் ஒருவர் வெளியே சென்று இயந்திரத்தைத் தொடங்கும் வரை கருவி நின்றுபோகும். முதல் இழுப்பிலேயே எஞ்சின் ஓடும் என்ற உறுதியும் இல்லை. இடைவெளியை நிரப்ப பேட்டரி யுபிஎஸ், அதுவும் தீர்ந்தால் ஆக்சிஜன் சிலிண்டர், இரண்டும் இயலாதபோது செல்ல வேண்டிய மருத்துவமனை ஆகியவற்றைப் புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மாதம் ஒருமுறை ஒத்திகை

மாதத்துக்கு ஒருமுறை, பட்டப்பகலில், ஜெனரேட்டரை அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்குக் கொண்டுசென்று, 15 நிமிடம் சுமையுடன் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். எஞ்சின் ஆயில் அளவு, ஒயரின் நிலை, சேஞ்ச்ஓவர் சுவிட்சின் இயக்கம், எச்சரிக்கைக் கருவியின் பேட்டரி ஆகியவற்றை அப்போதே சரிபார்க்கலாம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் இயக்கத் தெரிந்திருப்பதும் குறைபாடே. கைப்பிடியை முதலில் நடுநிலைக்குக் கொண்டுவருதல், பின்னர் எஞ்சினைத் தொடங்குதல், அது சீரான பிறகு சுமையை ஒவ்வொன்றாக ஏற்றுதல் என்ற வரிசையைச் சுவிட்சின் அருகே எழுதி ஒட்டிவைத்தால் குடும்பத்திலுள்ள பெரியவர்கள் எவரும் பின்பற்ற இயலும்.

எடுத்துச் செல்லக்கூடிய ஜெனரேட்டர், சில மணி நேரத்தையும் சில நாட்களையும் கடக்க உதவும் கருவி. அதனைத் திறந்தவெளியில் வைக்க இடமும், பிரித்து இணைக்க சுவிட்சும், அளந்து செலவழிக்க எரிபொருளும் உள்ள வீடு அதனை நம்பலாம். இவற்றுள் ஒன்று இல்லையென்றாலும், அந்தப் பணத்தை இன்வெர்ட்டருக்கும் கூடுதல் பேட்டரிக்கும் செலவிடுவதே அந்தக் குடும்பத்துக்கும், அண்டைவீட்டாருக்கும், கம்பத்தில் ஏறும் ஊழியருக்கும் பாதுகாப்பு.